மானம் பொழியுது, மண்ணு குடிக்கல்ல!

தென்னையையும் வாழையையும் மரச்சீனியையும் நம்பிப் பிழைக்கும் கடலோரச் சகோதர சகோதரிகளே!

இடவப்பாதி மழை தொடங்கி ரெண்டு நாள் ஆகட்டும். குழித்துறைத் தாமிரபரணி கடலில் விழுகிற தேங்காய்ப்பட்டணம் பொழிமுகத்தைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணி செக்கச்செவேல் என்று கடலுக்குள் பாயும். அது வெறும் மழைத்தண்ணி இல்லை. முஞ்சிறை, புதுக்கடை, கருங்கல், கீழ்குளம் பக்கத்து விளைகளின் மேல்மண்ணும் சேர்ந்துதான் அதில் போகிறது. நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் அதோடு போகிறது.

அதே விளையில் மாசி, பங்குனி மாதம் போய்ப் பாருங்கள். தென்னையில் ஓலை துவண்டு தொங்கும். குரும்பை பொலபொலவென்று உதிரும். மம்மட்டி போட்டால் "ணங்" என்று சத்தம் கேட்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று ரெண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்று நம்மைப் பார்த்து ஊரெல்லாம் பொறாமைப்படுகிறது. ஆனால் பேச்சிப்பாறைத் தண்ணியும் பட்டணங்கால் தண்ணியும் எட்டாத மேட்டு விளைகளில் நமக்கு வருஷத்தில் நாலு மாதம் கோவில்பட்டிக் கரிசக்காட்டு நிலைமைதான்.

இது ஏன்? மழை குறைஞ்சு போச்சா? குறையவில்லை. மழையைக் குடிக்கிற வாய் மண்ணுக்கு அடைஞ்சு போச்சு. அதுதான் விஷயம். இந்த வறட்சி வானத்திலிருந்து வந்தது இல்லை, காலுக்குக் கீழேயிருந்து வந்தது. இதற்குக் காரணமான உரக் கொள்கையையும், நம் கண்முன்னே லாரியில் ஏறிப்போகிற கழிவையும் பற்றித்தான் இந்தத் துண்டறிக்கை பேசுகிறது.

மண்ணுக்கும் ஒரு கட்டு உண்டு

மண் என்றால் தூள் என்று நினைக்கக் கூடாது. நல்ல மண்ணைக் கையில் அள்ளினால் கடுகு மாதிரி, பயறு மாதிரி சின்னச் சின்ன உருண்டையாக உதிரும். அந்த உருண்டைகளுக்கு இடையில் சந்து இருக்கும். அந்தச் சந்து வழியாகத்தான் தண்ணி இறங்கும், காற்று போகும், வேர் நடக்கும். செங்கல்லைச் சும்மா அடுக்கினால் சுவர் நிற்காது, சாந்து வேண்டும். மண் துகள்களை ஒட்டி வைக்கிற சாந்து எது? மக்கின ஓலையும் தழையும், அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் விடுகிற பசையும், பூஞ்சாண நூலும், மண்புழுவின் எச்சமும்தான். இந்தச் சாந்து கடையில் மூட்டையாகக் கிடைக்காது. விளையில்தான் விளைய வேண்டும்.

சாந்து போனால் என்ன ஆகும்? மழைத்துளி ஒவ்வொன்றும் சுத்தியல் மாதிரி விழும். உருண்டை உடைந்து மாவாகும். அந்த மாவு சந்துகளை அடைத்துக்கொள்ளும். வெயில் அடித்ததும் மேலே ஓடு கட்டும். அடுத்த மழை அந்த ஓட்டின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடையைத் தேடிப் போகும். நம்ம செம்மண்ணிலும் வெட்டுக்கல் கலந்த செம்பொறை மண்ணிலும் நடப்பது இதுதான். கடற்கரையை ஒட்டிய மணல் விளையில் கதை வேறு மாதிரி. அங்கே தண்ணி இறங்கும், ஆனால் நிற்காது. போட்ட உரத்தையும் கூட்டிக்கொண்டு வேருக்குக் கீழே போய்விடும். ரெண்டு மண்ணுக்கும் நோய் வேறு, மருந்து ஒன்றுதான்: மக்கு.

யாரும் சொல்லி நம்ப வேண்டாம். உங்கள் விளையில் காய்ந்த மண்கட்டி ஒன்று எடுங்கள். உரமே போடாத காட்டு ஓரத்திலிருந்தோ, பழைய காவு, தோப்பு ஓரத்திலிருந்தோ இன்னொரு கட்டி எடுங்கள். ரெண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணி ஊற்றி, மெல்ல உள்ளே விடுங்கள். கட்டு உள்ள மண் அப்படியே நிற்கும், தண்ணி தெளிவாக இருக்கும். கட்டு போன மண் ரெண்டே நிமிஷத்தில் கரைந்து டம்ளரே சேறாகும். அந்தச் சேறுதான் பொழிமுகத்தில் நாம் பார்க்கிற செந்தண்ணி. ஏ.வி.எம். கால்வாய் தூர்ந்து கிடக்கிறது என்று நாம் போராடுகிறோம், சரிதான். அதைத் தூர்த்ததில் நம்ம விளை மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டை உடைத்தது யார்?

விவசாயிக்கு விவரமில்லை, கண்டபடி உரம் போட்டு மண்ணைக் கெடுத்துவிட்டான் என்று மேடையில் பேசுகிறார்கள். இந்தப் பழியை ஏற்க முடியாது. எந்த உரம் மலிவோ அதைத்தான் ஏழை வாங்குவான். எது மலிவு என்று தீர்மானிப்பது யார்? அரசாங்கம்தானே!

கணக்கைப் பாருங்கள். மானாவாரித் தென்னைக்கு, அஞ்சு வயசுக்கு மேல், மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். சத்துக் கணக்கில் தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல்சத்து 1,200 கிராம். தென்னைக்கு அதிகம் வேண்டியது சாம்பல்சத்துதான், தழைச்சத்தைப் போல ரெண்டு மடங்கு. ஏக்கருக்கு 70 மரம் என்றால் யூரியா ரெண்டு மூட்டை போதும், பொட்டாஷ் ஏறக்குறைய மூணு மூட்டை வேண்டும்.

அரசாங்கம் என்ன செய்தது? 2010 ஏப்ரல் 1 முதல் சத்து அடிப்படை மானியம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டை அவிழ்த்துவிட்டது. யூரியாவை மட்டும் அந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்துப் பழைய விலைக்கட்டிலேயே விட்டது. அதுவரை மூட்டை 223 ரூபாய் அளவில் விற்ற பொட்டாஷ் ரெண்டு மூணு வருஷத்தில் மூன்று மடங்குக்கு மேல் எகிறியது. யூரியா? 45 கிலோ மூட்டை 242 ரூபாய், வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்த்தால் 266 ரூபாய் 50 காசு. டி.ஏ.பி. 1,350 ரூபாய். இப்படி விலை வைத்துவிட்டு, "ஏம்பா யூரியாவை மட்டும் கொட்டுறே?" என்று கேட்பது என்ன நியாயம்?

யூரியாவை மட்டும் கொட்டினால் என்ன ஆகும் என்பதும் புது விஷயம் இல்லை. நம்ம செம்பொறை மண் இயற்கையிலேயே புளிப்பு மண். யூரியா வழியாக ஒரு கிலோ தழைச்சத்து போனால், அதனால் உண்டாகும் புளிப்பைச் சரிக்கட்ட ஏறக்குறைய 1.8 கிலோ சுண்ணாம்பு வேண்டும். அமோனியம் சல்பேட் வழியாகப் போனால் 5 கிலோவுக்கும் மேல் வேண்டும். நம்ம பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1943-ல் தொடங்கப்பட்ட பாக்ட் ஆலையிலிருந்து 1947-ல் முதலில் வெளிவந்த உரமே அமோனியம் சல்பேட்தான். ரெண்டு மூணு தலைமுறையாக உப்புரம் போகிறது. கூடவே சுண்ணாம்பு எத்தனை விளைக்குப் போனது? சொசைட்டியில் யூரியா உண்டு, சுண்ணாம்பு உண்டா?

இமாசலப் பிரதேசத்தில் பாலம்பூர் என்ற ஊரில் புளிப்பு மண்ணில் நீண்டகால உரச் சோதனை வைத்தார்கள். 1970-களிலிருந்து ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், இன்னொன்றுக்கு மூன்று சத்தும், வேறொன்றுக்கு மூன்று சத்தோடு தொழுவுரம், மற்றொன்றுக்கு மூன்று சத்தோடு சுண்ணாம்பு என்று வருஷாவருஷம் போட்டார்கள். தழைச்சத்து மட்டும் தின்ற பாத்தியில் கடைசியில் மக்காச்சோளமும் இல்லை, கோதுமையும் இல்லை. விளைச்சல் பூஜ்யம்! தொழுவுரமோ சுண்ணாம்போ சேர்ந்த பாத்திகள் தாக்குப் பிடித்தன. அதுவும் புளிப்பு மண், இதுவும் புளிப்பு மண். நமக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டுமா?

அப்படியானால் உப்புரமே வேண்டாமா?

இந்த இடத்தில் சங்கம் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மாழ்வார் ஐயா 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்து, மானாவாரி விவசாயிக்கு இந்த ஆராய்ச்சி உதவவில்லை என்று 1969-ல் வெளியே வந்தவர். மண்ணுக்கு உயிர் உண்டு, அதற்குச் சோறு போடு என்று அவர் ஊர் ஊராகச் சொன்னது சத்தியமான வார்த்தை. அதே சமயம், ஒரே ராத்திரியில் உரத்தை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை 2021-ல் இலங்கையில் பார்த்தோம். அந்த வருஷம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள். மக்குக்கு முன்னேற்பாடு இல்லை, விவசாயிக்கு அவகாசம் இல்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கி, விவசாயிகள் தெருவுக்கு வந்து, நவம்பரில் தடையை விலக்கினார்கள். அங்கே அடிபட்டது மந்திரி இல்லை, விவசாயி.

ஆகவே உப்பா, சாணமா என்று நமக்குள்ளே சண்டை வேண்டாம். அளவான உரம் வேரை வளர்க்கும், ஓலையை வளர்க்கும். அந்த வேரும் ஓலையும் மண்ணுக்குத் திரும்பினால் மக்காகும். மக்கு மண்ணின் கட்டை வளர்க்கும். கட்டு உள்ள மண் தண்ணியையும் உரத்தையும் பிடித்துவைக்கும். அப்போது போடுகிற உரத்தில் வீண் குறையும். இது ஒரு வட்டம். அந்த வட்டம் அறுந்தது உரம் போட்டதால் மட்டும் இல்லை. ஓலையும் கதம்பலும் விளையை விட்டு வெளியே போனதால்தான் பெரும்பாலும் அறுந்தது.

கதம்பல் கணக்கு

ஒரு தென்னை வருஷத்துக்குச் சுமார் 12 ஓலை தள்ளும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 840 ஓலை. முன்னே இது கூரைக்கு ஆச்சு, கிடுகு முடைய ஆச்சு, அடுப்புக்கு ஆச்சு. அடுப்புச் சாம்பலும் தொழுவத்துச் சாணமும் தென்னை மூட்டுக்கே திரும்பி வந்தது. இப்போது கூரை ஓடு, கான்கிரீட் ஆச்சு. அடுப்பு கேஸ் ஆச்சு. தொழுவத்தில் மாடு இல்லை. ஓலையை மூலையில் குவித்துத் தீ வைக்கிறார்கள். எரித்தால் சாம்பல்சத்து கொஞ்சம் மிஞ்சும். தழைச்சத்தும் கந்தகமும் புகையாகப் போகும். மண்ணுக்குச் சாந்தாக வேண்டிய கரிமமும் வானத்துக்குப் போகும்.

கதம்பலின் கதை இன்னும் கொடுமை. மரத்துக்கு 80 காய் என்று வைத்தால்கூட ஏக்கருக்கு 5,600 கதம்பல். தேங்காயில் சாம்பல்சத்து அதிகம் கிடப்பது இந்தக் கதம்பலில்தான். அது லாரியில் ஏறி நார் ஆலைக்குப் போகிறது. நார் பிரிந்ததும் மிஞ்சுகிற நார்க்கழிவைக் கட்டியாக அழுத்திச் சீனாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேற்றுகிறார்கள். அங்கே கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளியும் பூவும் அதில் வளருது. ஏற்றுமதிக்காகக் கழுவும்போது அதிலுள்ள சாம்பல்சத்து உப்பு கழுவின தண்ணியோடு போகுது. இங்கே என்ன நடக்குது? இந்தியாவுக்கு வேண்டிய பொட்டாஷ் முழுக்க ரஷ்யா, பெலாரஸ், கனடா, இஸ்ரேல், ஜோர்தான் என்று வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருது. நம்ம வீட்டுச் சாம்பல்சத்தை மலிவாக விற்றுவிட்டு, அயல்நாட்டுச் சாம்பல்சத்தை யானை விலைக்கு வாங்குகிறோம்! இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

நார்த்தொழிலை மூடச் சொல்லவில்லை. அதை நம்பி ஏராளமான பெண்கள் பிழைக்கிறார்கள். விளைக்கு உரியதில் ஒரு பங்கு விளைக்கு வரட்டும் என்றுதான் சொல்கிறோம்.

விளையில் செய்ய வேண்டியது

போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். மண் அதுவரை காத்திருக்காது. கைவசம் உள்ளதை வைத்து இப்போதே தொடங்கக்கூடியவை இவை:

ஒன்று, கதம்பல் புதைப்பு. மூட்டிலிருந்து 5 அடி தள்ளி வட்டமாக, ஓரடி அகலம், ரெண்டடி ஆழத்தில் குழி எடுக்கணும். கதம்பலின் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடுக்கணும், மரத்துக்கு 100 கதம்பல். மேலே மண் மூடணும். மழையில் கதம்பல் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குடம் மாதிரி தண்ணி பிடித்து வைக்கும். கோடையில் வேர் அங்கே போய்க் குடிக்கும். ஒருமுறை புதைத்தால் அஞ்சாறு வருஷம் பலன் தரும். எல்லா மரத்துக்கும் ஒரே வருஷத்தில் முடியாது. வருஷத்துக்கு 14 மரம் என்று வைத்தால் அஞ்சு வருஷத்தில் ஏக்கர் முடியும். அதற்கு வேண்டியது 1,400 கதம்பல்தான், மீதி நாலாயிரத்தைத் தாராளமாக விற்கலாம்.

ரெண்டு, மூடாக்கு. புதைக்க ஆள் இல்லையா? மூட்டைச் சுற்றி 6 அடி வட்டத்துக்குள் 15 காய்ந்த ஓலையை வெட்டிப் பரப்பினாலே போதும். கதம்பலை மூடாக்காகப் போட்டால் குழிந்த பக்கம் கீழே இருக்கணும். மழையின் சுத்தியல் அடி ஓலைமேல் விழும், மண்மேல் விழாது.

மூணு, நார்க்கழிவை மக்கவைத்துப் போடணும். பச்சையாகப் போடக் கூடாது. அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு: 112-க்கு 1. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர் தனக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கும், மரம் மஞ்சளிக்கும். யூரியா இங்கேதான் உண்மையிலேயே உதவும். ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி சிப்பிக்காளான் வித்து. 100 கிலோ நார்க்கழிவுக்கு ஒரு அடுக்கு. ஒரு அடுக்கில் வித்து, அடுத்த அடுக்கில் ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு போடணும். ஈரம் காயாமல் நிழலில் வைத்தால் ரெண்டு மாதத்தில் கறுத்து மக்கும். அப்போது அந்தக் கணக்கு 24-க்கு 1 என்று இறங்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணியைப் பிடிக்கிற பஞ்சு அது. மணல் விளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

நாலு, பசுந்தாள். மழை தொடங்கியதும் தென்னை மூட்டு வட்டத்தில் மரத்துக்கு 50 கிராம் சணப்பு விதை தூவி, பூக்கும் முன்னே கொத்திப் புதைக்கணும். வேலியில் சீமைக்கொன்னை நட்டால் வருஷத்துக்கு ரெண்டுமுறை தழை வெட்டலாம். கொளுஞ்சியும் நல்லது. காய்ந்த ஓலையோடு இந்தப் பச்சைத் தழையைச் சேர்த்தால் மக்குவதும் வேகம்.

அஞ்சு, உரத்தைப் பிரித்துப் போடணும். ஒரே தடவையில் கொட்டினால் அடுத்த மழையில் ஓடும். ஆனி, ஆடியில் பாதி, மார்கழி, தையில் பாதி, ஈரம் உள்ளபோது, மூட்டில் குவிக்காமல் 6 அடி வட்டத்துக்குள் பரப்பி, மேலே மூடாக்கு போடணும்.

ஆறு, மரச்சீனி விளை. சரிவில் மேலிருந்து கீழாக வாரம் பிடித்தால் மழைக்கு நாமே ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. சரிவுக்குக் குறுக்கே வாரம் பிடிக்கணும். கிழங்கு பிடுங்கினதும் அடுத்த நடவுக்கு வேண்டிய கம்பு போக மீதி தண்டையும் இலையையும் அங்கேயே நறுக்கிப் போடணும். கிழங்கோடு போவதும் பெரும்பாலும் சாம்பல்சத்துதான் என்பதை மறக்கக் கூடாது.

"வண்டு வருமே, ஆள் இல்லையே"

கூட்டத்தில் அண்ணாச்சிமார் கேட்கிற கேள்வி இது: "ஓலையும் கதம்பலும் விளையிலே போட்டா காண்டாமிருக வண்டு வருமே?" நியாயமான கேள்வி. அந்த வண்டு முட்டையிடுவது ஈரமாக மக்குகிற எருக்குவியலிலும் அழுகுகிற தென்னந்தடியிலும்தான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் சாய்த்த மரங்கள் எத்தனை விளையில் அப்படியே கிடந்து மட்கின! குவித்து வைத்தால் வண்டு. மெல்லிசாகப் பரப்பினாலும் மண் மூடிப் புதைத்தாலும் அந்தப் பயம் குறைவு. எருக்குழியில் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணம் கலந்தால் வண்டின் புழு அதில் நோய் பிடித்துச் சாகும். இது வேளாண்துறை சொல்கிற வழிதான். தட்டுப்பாடு இல்லாமல் கொடுக்கச் சொல்லித்தான் கேட்கணும்.

ரெண்டாவது கேள்வி, ஆள் கூலி. தேங்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் கூலி இறங்காது. 20 சென்ட், 30 சென்ட் வைத்திருப்பவர் குழி எடுக்க ஆள் வைத்தால் அந்த வருஷத்துத் தேங்காய்க் காசு அதிலேயே போய்விடும். இதைத் தனி விவசாயி தலையில் கட்டக் கூடாது. மேல்மண் ஓடினால் கால்வாய் தூர்கிறது, கிணறு வற்றுகிறது, பொழிமுகம் கெடுகிறது. நஷ்டம் ஊருக்கு என்றால் செலவிலும் ஊருக்கு, அரசுக்குப் பங்கு உண்டு.

அட்டையில் இல்லாத நோய்

2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அட்டையில் 12 விவரம்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், புளிப்பு-காரம், உப்பு, கரிமம். பாருங்கள், பன்னிரண்டில் ஒன்றுகூட மண்ணின் கட்டைப் பற்றி இல்லை! தண்ணி எவ்வளவு வேகத்தில் இறங்குது, மண் எவ்வளவு இறுகியிருக்கு, உருண்டை தண்ணியில் நிற்குமா என்று யாரும் அளக்கவில்லை. கரிமம் மட்டும் ஒரு துப்பு தருது, அவ்வளவுதான். ரத்தம் எல்லாம் சோதித்துவிட்டு, ஆளுக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்காமல் போன வைத்தியம் இது.

இன்னொன்று. இந்தத் திட்டம் தொடங்கியபோது மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று விதி வைத்தார்கள். 10 ஹெக்டேர் என்றால் 25 ஏக்கர். சென்ட் கணக்கில் நிலம் வைத்திருக்கும் நம்ம ஊரில் அதற்குள் எத்தனை பேருடைய விளை வரும்! மேட்டு விளை செம்மண், கீழே ஏலா வயல், அப்பால் கடற்கரை மணல். எல்லாருக்கும் ஒரே மருந்துச் சீட்டா?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 ஜூனில் அங்கக உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவி என்று மூன்று வருஷத்துக்கு 1,451 கோடிக்கு மேல் மத்திய அரசு ஒதுக்கியது. ஆனால் அது சாண எரிவாயு ஆலைகளிலிருந்து வருகிற உரத்துக்கு. தன் விளையிலேயே ஓலையை மக்கவைக்கும் விவசாயிக்கு ஒரு பைசா உண்டா? தமிழ்நாட்டில் 2024-25 வேளாண் பட்ஜெட்டில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' என்று திட்டம் அறிவித்தார்கள், 22 இனங்கள் அதில். பசுந்தாள் விதைக்கு மானியமும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் நெல்வயலுக்கு மட்டும் என்று நிற்காமல், தென்னை மூட்டுக்கும் அது வர வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. யூரியாவுக்குக் கொடுக்கிற மாதிரி பொட்டாஷுக்கும் விலைக்கட்டு வை. தென்னை, வாழை, மரச்சீனி விவசாயியை விலையால் யூரியாவுக்குத் தள்ளாதே.

2. கதம்பல் புதைத்து, ஓலையை எரிக்காமல் மூடாக்கிடும் விவசாயிக்கு மரக்கணக்கில் நேரடி உதவித்தொகை கொடு.

3. ஊரக வேலைத் திட்டம் எந்தப் பெயரில் நடந்தாலும், சிறு, குறு விவசாயி விளையில் கதம்பல் குழி எடுப்பதையும் சரிவுக்குக் குறுக்கே வரப்பு போடுவதையும் அதில் சேர்.

4. ஊராட்சிக்கு ஒரு ஓலை அரைக்கும் இயந்திரம். மகளிர் குழு கையில், குறைந்த வாடகையில்.

5. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் யூரியா மூட்டைக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்பும் டோலமைட்டும் மானிய விலையில் வை.

6. நார் ஆலைகளின் கழிவில் ஒரு பங்கை மக்கவைத்து, உள்ளூர் விவசாயிக்கு அடக்க விலையில் கிடைக்கச் செய்.

7. மண்வள அட்டையில் நீர் இறங்கும் வேகம், மண் இறுக்கம், மண் உருண்டையின் உறுதி என்ற மூன்றையும் சேர். சென்ட் நிலக்காரனுக்கும் தனி மாதிரி எடு.

8. திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும் பல்கலைக்கழகமும் நாகர்கோவில் பக்கத்தோடு நிற்காமல், முஞ்சிறை வட்டாரக் கடலோர மணலிலும் மேட்டுச் செம்மண்ணிலும் விவசாயி விளையிலேயே செயல்விளக்கத் திடல் வைக்கட்டும்.

வாருங்கள், ஒரு டம்ளர் மண்ணோடு!

விவசாயப் பெருமக்களே! அடுத்த கிராமசபையில் இந்த எட்டையும் தீர்மானமாக நிறைவேற்றச் சொல்லுங்கள். நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனு மட்டும் கொண்டு போக வேண்டாம். ஆளுக்கு ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு மண்கட்டி கொண்டு வாருங்கள். அதிகாரிகளின் கண்முன்னே, மேசைமேலேயே தண்ணியில் விடுவோம். நூறு டம்ளரில் நூறு விளையின் மண் கரைவதை அவர்கள் பார்க்கட்டும். அந்த நூறு டம்ளரை அவர்கள் எந்த ஃபைலுக்குள்ளே மூடி வைப்பார்கள், பார்ப்போம்!

நம்ம பாட்டன்மார் விட்டுப்போன விளையில் மேல்மண் ஒரு சாண்தான். அது போனால் கீழே வெட்டுக்கல். வெட்டுக்கல்லில் தென்னை நிற்கும், காய்க்காது. பிள்ளைகள் கல்ஃபுக்குப் போய்ச் சம்பாதித்து வீடு கட்டலாம், மண்ணை வாங்கி வர முடியாது.

கதம்பலை விளைக்குக் கொடு!
பொட்டாஷ் விலையைக் குறைத்திடு!
மண்ணின் கட்டைக் காத்திடு!
மழையை மண்ணில் நிறுத்திடு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!